வீடியோ கேமில் பிறக்கும் நடனம்: பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பரதநாட்டியம் பயிலும் மூன்றாம் வருடப் பல்கலைக்கழக மாணவி. கொழும்பிலுள்ள சமகால நடனக் குழுவொன்று, மாணவர்களும் கலைஞர்களும் சேர்ந்து வீடியோ கேம்களை அடிப்படையாக வைத்து உருவாக்கும் படைப்புக்காக, இரண்டு மாத உள்ளகப் பயிற்சிக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறது. நான் கேம் விளையாடிப் பழகாதவள். தம்பிதான் எந்நேரமும் போனும் கையுமாக இருப்பான். அங்கே போனால் அடவுச் சுத்தம், அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகளின் துல்லியம், கெட்டுவிடும் என்று என் ஆசிரியை கவலைப்படுகிறார். கொடுப்பனவு பற்றி அவர்களுடைய கடிதத்தில் எதுவும் இல்லை. போகலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

போய் வாருங்கள் என்பதே என் பதில். ஆனால் சம்மதம் எழுதுவதற்கு முன் நீங்கள் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

கேம் தெரியாது என்பது பெரிய குறையே இல்லை. கேமை வைத்து நடனம் என்றதும் பலர் உடையையும் ஒளியையும், திரையுருவம் போல விறைப்பாக நடப்பதையும்தான் நினைக்கிறார்கள். அது விரைவில் சலித்துவிடும். நடனத்துக்குப் பயன்படுவது கேமின் விதிகள். 1980 இல் ஜப்பானில் வெளிவந்த பக்-மான் என்ற கேமைத் தம்பியிடம் கேட்டு அரைமணி நேரம் விளையாடிப் பாருங்கள். அதில் துரத்தும் பேய்கள் நான்கும் ஒரே மாதிரித் துரத்துவதில்லை. சிவப்புப் பேய் உங்களையே குறிவைத்துப் பின்னால் வரும். இளஞ்சிவப்புப் பேயோ நீங்கள் போகும் திசையில் சற்று முன்னே உள்ள இடத்தைக் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். இனி மூன்று பேரை அரங்கில் விட்டு, ஒருவர் விரும்பியபடி ஆட, மற்றவர் அவரைப் பின்தொடர, மூன்றாமவர் அவர் அடுத்து வரப்போகும் இடத்துக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எவரும் ஓர் அசைவைக்கூட அமைத்துக் கொடுக்காமலே அந்த மூன்று உடல்களுக்கிடையில் ஓர் இறுக்கம் பிறந்துவிடும். கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். கோட்டில் நின்று மறிப்பவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டி மறுபக்கத்தால் பாய்ந்த பழக்கம் உங்களுக்கும் இருக்குமானால், அதை ஒத்திகைக்கு எடுத்துப் போங்கள்.

இப்படி விதியின் கையில் முடிவை விடுவது நடனத்துக்குப் பழக்கமானதுதான். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கனிங்ஹாம், 1950களிலேயே அசைவுகளின் வரிசையை நாணயம் சுண்டித் தீர்மானித்திருக்கிறார்.

ஆசிரியையின் கவலையை லேசாக எடுக்க வேண்டாம். சமகால நடனத்தில் தரையில் விழுவதும் உருள்வதும், மற்றவரின் உடற்பாரத்தைத் தாங்குவதும் உண்டு. முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமரும் அரைமண்டியில் ஊன்றி, முதுகை நிமிர்த்திப் பழகிய உடல் முதல் வாரங்களில் இதற்கு மறுக்கும். காலக்கணக்கும் சோதிக்கும். 1978 இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில், அணிவகுத்து இறங்கும் உருவங்கள் ஒவ்வொன்றாக அழிய அழிய எஞ்சியவை வேகமெடுக்கும். வரைய வேண்டியவை குறையக் குறைய அக்காலத்துச் செயலி விரைந்து இயங்கியதே காரணம். அதை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகாடோ அந்த வேகத்தைத் திருத்தாமல் கேமின் பகுதியாகவே விட்டுவிட்டார். மேடையில் இதைச் செய்வதானால், ஆடுபவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, எஞ்சியவர்கள் சிறுகச் சிறுக வேகம் கூட்ட வேண்டும். ஆசிரியை தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஒலிக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்தே பழகிய கால்கள், இந்தச் சிறு ஏற்றங்களில் நிச்சயம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத் தாண்டினால் உங்கள் தாள உணர்வு நுட்பமாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடவுச் சுத்தத்தைக் காக்க, நாள்தோறும் ஒத்திகைக்கு முன் தனியாக அடவுகளைச் செய்து வாருங்கள். அப்படிச் செய்யப் போவதை ஆசிரியையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பிறர் சொல்லி அவர் அறியக்கூடாது.

இனிக் கேட்க வேண்டியவை. சேர்ந்து உருவாக்கும் படைப்பென்றால், உங்கள் யோசனையில் பிறந்த பகுதிக்கு நிகழ்ச்சிக் கையேட்டில் உங்கள் பெயர் வருமா என்று கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாதுகாக்கப்படும் படைப்புகளுள் நடன அமைப்பையும் சேர்த்திருக்கிறது. ஆகவே இது சலுகை கேட்பதாகாது. கேமின் இசையையோ உருவங்களையோ பயன்படுத்துவதானால் அனுமதி பெறுவது குழுவின் பொறுப்பு. பாரம் தாங்கும் பயிற்சிகளில் தொடுகைக்கு உங்கள் சம்மதம் கேட்கப்படுமா, முழங்காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றையும், கூச்சப்படாமல், எழுத்தில் கேளுங்கள்.

கொடுப்பனவு பற்றி எழுதாமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்பில் இரண்டு மாதம் தங்கிச் சாப்பிட்டு, பஸ்ஸுக்கும் கொடுப்பது ஒரு மாணவியின் வீட்டுக்குச் சிறிய பாரமாக இராது. தங்குமிடத்தையும் போக்குவரத்தையுமாவது அவர்கள் ஏற்க வேண்டும்; முடியாதென்றால், ஒரு மாதம் மட்டும் வரலாமா என்று கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், கடன்பட்டுப் போக வேண்டாம்.