'ஏதோ' என்று எழுதிவிட்டீர்களே!

கேள்வி: எனக்கு 26 வயது. புதிதாகக் கட்சி தொடங்கிய ஒரு நடிகருக்காக வேலை செய்கிறேன். எங்கள் தெருவில் நான் வைத்த பேனரில் அவரை 'அடுத்த எம்.ஜி.ஆர்.' என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்ததிலிருந்து இரண்டு மாதமாக அப்பா என்னோடு பேசுவதில்லை. 1975-ல் பிறந்தவர். ஏதோ சின்ன வயதில் சத்துணவு சாப்பிட்ட நன்றி அவருக்கு. எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை. 2005-ல் விஜயகாந்த் கட்சி தொடங்கியபோது 'கறுப்பு எம்.ஜி.ஆர்.' என்று வீட்டுக்கு வீடு நடந்ததுதான். மறுவருடத் தேர்தலில் அந்தக் கட்சியில் ஜெயித்தது அவர் ஒருவர்தான். 2011-ல் எதிர்க்கட்சித் தலைவரானது கூட்டணிக் கணக்கில். அடைமொழிக் கணக்கில் இல்லை.

அது கிடக்கட்டும். 'ஏதோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது அப்பாவுக்கு ஏழு வயது. அந்தப் பையன் தட்டோடு வரிசையில் நின்றானே, வீட்டில் மத்தியானம் அடுப்பு எரிந்ததா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? பாட்டி அப்போது எந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்றாவது தெரியுமா? பேனரில் உங்கள் தலைவருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டியிருப்பீர்கள். அப்பா தேடுவது அந்தச் சோற்றுத் தட்டை.

நான் எம்.ஜி.ஆர். கட்சிக்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதில் காமராஜர்தான் முன்னோடி என்று யாரிடமும் மல்லுக்கு நிற்பேன். அவருக்கும் 'கறுப்பு காந்தி' என்று ஒட்டினார்கள். அந்த மனிதருக்கு அது எதற்கு? எம்.ஜி.ஆரும் 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்து, 1972-ல்தான் தனிக்கட்சி கண்டார். நடுவில் 19 வருடம். சொன்னால் காலம் மாறிவிட்டது என்பீர்கள். சரி.

புரியவைக்கும் வேலை உங்களுடையது இல்லை. பெற்றவர் பட்ட பசியைத் தெரிந்துகொள்ளாத பிள்ளை ஊருக்கு உழைக்கக் கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பழைய பஞ்சாங்கம் என்று திட்டிக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம். அப்புறம், அந்தப் பேனரை சனிக்கிழமையே கழற்றிவிடுங்கள்.