பொம்மை ரிமோட்டைத் தாண்டிப் போய் நிஜ ரிமோட்டை எடுக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம். டிவி ரிமோட்டைக் கண்டால் விடமாட்டான். பிடுங்கினால் வீடே அதிரும். இதைக் கேட்டு என் தம்பி சிங்கப்பூரிலிருந்து பாட்டுப் பாடும் பொம்மை ரிமோட் ஒன்றை அனுப்பினான். இரண்டு நாள் விளையாடினான். மூன்றாம் நாள் அதை எறிந்துவிட்டு மறுபடி நிஜ ரிமோட்டை நோக்கித் தவழ ஆரம்பித்துவிட்டான். அவன் ஐயா (தாத்தா) குன்றக்குடித் திருவிழாக் கடையில் இன்னொன்று வாங்கி வந்தார். அதற்கும் அதே கதி. "பழைய கேபிள் ரிமோட்டில் செல்லைக் கழற்றிவிட்டுக் கொடு, வேலை முடிந்தது" என்கிறார் அப்பத்தா. கொடுக்கலாமா? பொம்மை ஆங்கிலத்தில் பேசுகிறதே, அதனால் பேச்சு சீக்கிரம் வருமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: இந்தப் பொம்மையைப் பற்றி என்னிடம் வரும் அம்மாக்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "சென்னைக்குக் காரில் போகும்போது இதுதான் எங்களைக் காப்பாற்றியது" என்பார்கள் சிலர். மற்றவர்கள் உங்கள் கதையையே சொல்வார்கள். ஒரு அம்மா இரண்டு ரிமோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்த்தாராம். பிள்ளை பொம்மையின் மேலேயே முட்டியை ஊன்றித் தாண்டிப் போய் நிஜத்தை எடுத்திருக்கிறது. பொம்மை முட்டிக்கு அடியிலிருந்து ஏபிசிடி பாடியதாம்.

ஒன்பது, பத்து மாதத்தில் பிள்ளைக்கு ஒரு புதுப் புத்தி வருகிறது. பெரியவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று கவனித்து அதையே தானும் செய்யப் பார்க்கும். உங்கள் வீட்டுச் சாயங்காலத்தை அவன் கண்ணால் பாருங்கள். "ரிமோட் எங்கே? ரிமோட்டை எடுத்தது யாரு?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறீர்கள், மெத்தையைப் புரட்டித் தேடுகிறீர்கள். மஞ்சள் நிறப் பொம்மையை யாராவது அப்படித் தேடியதுண்டா? போதாததற்கு, நிஜ ரிமோட்டை அவன் எடுத்ததும் நான்கு பேர் கத்திக்கொண்டு ஓடி வருகிறீர்கள். பொத்தானை அழுத்தாமலே அவனுக்கு நிகழ்ச்சி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஆகவே நிஜத்தைக் கொஞ்ச நாள் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள். பொம்மையை அவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் நீங்களே எடுத்துப் பயன்படுத்துங்கள். காணோம் என்று தேடுங்கள். அப்புறம் உங்கள் ஊர் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது: தூண். அவனை வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில்) உட்கார வைத்துவிட்டு நீங்களோ அப்பத்தாவோ தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். அவன் பொத்தானை அழுத்தினால் எட்டிப் பார்த்து ஒரு வரி பாடுங்கள். மறுபடி அழுத்தினால் மறைந்துவிடுங்கள். ஒளிந்த ஆள் இல்லாமல் போய்விடவில்லை என்பது இந்த வயதில்தான் பிள்ளைக்கு உறைக்கும். அதனால் சலிக்கவே சலிக்காது. உங்களுக்குத்தான் சலிக்கும்.

பேச்சு வருமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. 2015 டிசம்பரில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 பிள்ளைகள் தங்கள் வீட்டில் பெற்றோருடன் விளையாடுவதைப் பதிவு செய்தார்கள்: ஒரு முறை ஒலியெழுப்பும் மின்னணுப் பொம்மைகள், ஒரு முறை சாதாரணப் பொம்மைகள், ஒரு முறை படப் புத்தகங்கள். மின்னணுப் பொம்மை வைத்திருந்தபோது பெற்றோர் பேசிய சொற்களும் குறைந்தன, படப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் பிள்ளை எழுப்பிய ஒலிகளும் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் நான் பார்ப்பதும் அதுதான். பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அது ஒன், டூ, த்ரீ சொல்வதால் கெடுதல் ஒன்றுமில்லை, பேச்சு முந்தி வரவும் வராது. சத்தத்தை நிறுத்திவிட்டு "இது ஒண்ணு, இது ரெண்டு" என்று அவன் விரலைப் பிடித்து நீங்கள் சொல்வது நூறு மடங்கு மேல். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கிற மரச் சொப்பு எதுவும் பேசியதில்லை. அதை வைத்து விளையாடிய பிள்ளைகள் எல்லாம் பேசினார்கள்.

சரி, அப்பத்தாவின் யோசனைக்கு வருவோம். அதைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் நிபந்தனை உண்டு. பின்மூடி இல்லாத ரிமோட் என்றால் வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் விரலைக் கிழிக்கும். ரப்பர் பொத்தான் எதுவும் பிய்ந்து வரும் நிலையில் இருக்கக் கூடாது. பல்லு முளைக்கும் பிள்ளை நாள் பூராவும் மெல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் குப்பைக்குத்தான். நல்ல நிலையில் இருந்தால் துடைத்து, இரண்டு செல்லையும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் அதை அழுத்தினால் டிவி ஓடுவதில்லை என்று கண்டுபிடித்த அன்றைக்கு அதையும் எறிவான். டிவியைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அந்தத் திருவிழா ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரிய கம்பெனிப் பொம்மைகளில் பெரும்பாலும் இரண்டு ஏஏஏ செல் இருக்கும், மூடியில் ஸ்குரு இருக்கும். திருவிழாக் கடைப் பொம்மைகள் பலவற்றில் நகத்தால் நெம்பினால் திறக்கும் மூடிக்குள் வாட்ச் செல் மாதிரி மூன்று பட்டன் செல் கிடக்கும். சீரியல் லைட்டுக்கும் கார் ஸ்டீரியோவுக்கும் வரும் அட்டை மாதிரி ரிமோட்டிலும், கார்த்திகைக்கு வைக்கிற எல்இடி அகலிலும் பட்டன் செல் உண்டு. சிஆர்2032 என்று எழுதியிருப்பது 20 மி.மீ. அகலம், ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசு அளவு. பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அது சரியான அளவு.

காசை விழுங்கினால் பல நேரம் தானாக வெளியே வந்துவிடும். பட்டன் செல்லை அப்படிக் காத்திருந்து பார்க்க முடியாது. சிக்கிய இடத்தில் இருக்கும் ஈரமே கம்பி போலாகி மின்சாரம் ஓடும். செல்லின் எதிர்முனைப் பக்கம் அந்த ஈரம் காரமாக மாறி, வடிகால் அடைப்புக்கு ஊற்றும் காஸ்டிக் சோடாவைப் போலத் தசையை அரிக்கும். இரண்டு மணி நேரத்தில் ஆழமான புண் ஆகிவிடலாம். தீர்ந்துபோன செல்தானே என்றும் விடாதீர்கள். கருவியை ஓட்டப் போதாத மின்சாரம் தசையை அரிக்கப் போதும். செல் ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் காரைக்குடியில்தான் 1953 முதல் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கே நான் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

விழுங்கினதைப் பார்த்தாலும் சரி, சந்தேகம் வந்தாலும் சரி, உடனே கிளம்புங்கள். எச்சில் வடிவது, பால் குடிக்க மறுப்பது, இருமல் எல்லாம் வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோறு, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், கழுத்திலிருந்து வயிறு வரை எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் ஓரம் இரட்டை வளையமாகத் தெரிந்தால் அது காசு அல்ல, செல். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ 90 கி.மீ.; அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பங்கு சாலையிலேயே போய்விடும். அதனால் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பது) செய்யும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்யச் சொல்லுங்கள். ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற பிள்ளைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம், தேன் வாங்குவதற்காக வண்டியை நிறுத்தவும் வேண்டாம். உங்கள் மகனுக்குப் பத்து மாதம்தான் ஆகிறது. அவனுக்குத் தேன் எந்தக் காரணத்துக்கும் கூடாது. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். சிங்கப்பூர்ப் பொம்மையில் அந்த முத்திரையைத் தேட வேண்டாம். ஸ்குரு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. ஆத்தங்குடிக் கல் தரை பிளாஸ்டிக்குக்கு இரக்கம் காட்டாது. அவன் எறியும் ஒவ்வொரு தடவையும் மூடியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளைகள் ரிமோட்டைப் போன் என்று நினைத்துக் காதில் வைக்கும். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். உங்கள் காதில் வைத்துப் பாருங்கள், உறுத்தினால் குறைந்த சத்தத்துக்கு மாற்றுங்கள். மாற்ற வழியில்லை என்றால் ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் அகல டேப் ஒட்டுங்கள், ஓரம் பிரிகிறதா என்று தினமும் பாருங்கள். பொம்மை துண்டு துண்டாகப் பாடிவிட்டு நின்றால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். கடையில் அழுத்திப் பார்ப்பதற்கான நிலையிலேயே இருக்கலாம். பின்பக்கச் சின்ன சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொம்மையை அலமாரியில் போடுவதற்கு முன் செல்லை எடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் கதவைத் திறக்கும்போது கசிந்திருக்கும். முதலில் அதை எடுப்பது அடுத்த பிள்ளையாகத்தான் இருக்கும்.

குன்றக்குடி ரிமோட்டில் பட்டன் செல் இருந்தால் இன்றைக்கே கழற்றி, இரண்டு பக்கமும் டேப் சுற்றி, அவன் கை எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள். எத்தனை செல் எடுத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், எக்ஸ்ரேவுக்குக் கிளம்புங்கள். ஐயா மனது நோகாமல் இருக்க, வெறும் கூட்டைப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம், கூர்முனையும் பிய்ந்து வரும் துண்டும் இல்லை என்றால்.