சோலார் படிப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கதைகளைத் தொடர்ந்து படிப்பவள். ஆனால் இது கதை பற்றிய கடிதம் இல்லை. பிறையில் சார்ஜ்மேனாக, அதாவது மின் இணைப்புகளுக்குப் பொறுப்பாளராக, வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் கேட்கிறேன்.

மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். ரிசல்ட் சுமார்தான், கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினான். சமூகக் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு சோலார் வேலைக்குப் போகிறேன் என்கிறான். என் அண்ணனோ, "வெயிலில் கூரை ஏறுவதற்கு ஒரு படிப்பா?" என்று சிரிக்கிறார். இன்னொரு பக்கம், சில நாள் வகுப்பிலேயே 'சோலார் டெக்னீஷியன்' சான்றிதழ் தருகிறோம் என்று ஒரு தனியார் மையத்தின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அதில் சேர்த்தால் சீக்கிரம் சம்பாதிப்பானோ என்று மனம் அலைகிறது. இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? அவனுக்கு ஒரு டூல் பாக்ஸும் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் சொல்லும் வரிசை சரி. முதலில் எலெக்ட்ரிக்கல், பிறகுதான் சோலார். அந்த வரிசையைத் தலைகீழாக்கத்தான் அந்த விளம்பரம் பார்க்கிறது.

அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். இப்போது வரும் பேனல் ஒன்று 25 கிலோவுக்கு மேல், ஆளை விட நீளம். அதை ஏணி வழியாக ஏற்றி, கூரை ஓடுகளை உடைக்காமல் நடந்து, ஓட்டுக்கடியில் கொக்கி மாட்டி, ரெயில் பூட்டி வைக்க வேண்டும். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் கால் வைக்கும் இடமெல்லாம் ஓடு விரிசல் விடும். பேனல் போட்ட மறுமாதம் ஹாலில் தண்ணீர் சொட்டினால் வீட்டுக்காரர் யாரைத் திட்டுவார்? தூக்கிக் கொடுப்பதோடு நிற்கிறவனுக்கு நாள் கூலிதான். அண்ணன் பார்த்தது அவனை. அதே கூரையில் இன்னொருவன் இருப்பான், வயரை இணைத்து, அளந்து பார்த்து, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறவன். உங்கள் பையன் ஆக வேண்டியது அவனாக.

இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டு வயரிங்கில் மெயின் சுவிட்சை இறக்கினால் உள்ளே கரண்ட் இல்லை. பேனலுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் அது வோல்ட் தரும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதுவும் டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட். நம் வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் திசை மாறி மாறி ஓடுவதால் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. பொறி பறந்தாலும் அந்த இடைவெளியில் அணைந்துபோக வாய்ப்புண்டு. டிசிக்குப் பூஜ்யமே இல்லை. பற்றிய பொறி நின்று எரியும். அதனால்தான் கரண்ட் ஓடும்போது வயர்களை இணைக்கும் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே அடித்துச் சொல்வார்கள்.

அந்தக் கனெக்டரையே எடுத்துக்கொள்வோம். எம்.சி.4 என்பார்கள், சுண்டுவிரல் நீளம். வயரின் உறையை அளவாக உரிக்க வேண்டும். ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் உலோகப் பின்னுக்குள் விட்டு, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். இழுத்துப் பார்த்து, பிறகு பிளாஸ்டிக் கூட்டுக்குள் தள்ள வேண்டும். 'டிக்' என்று கேட்கும். கேட்கவில்லையென்றால் பின் உட்காரவில்லை. சாதாரண பிளேயரால் நசுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மீட்டரில் வோல்ட் சரியாகத்தான் காட்டும், வீட்டுக்காரரும் கை குலுக்குவார். பிறகு தினமும் நடுப்பகலில் கரண்ட் ஓட ஓட அந்த இடம் சூடேறும், பிளாஸ்டிக் இளகும், ஒரு நாள் தீப்பிடிக்கும். இரண்டு கம்பெனி கனெக்டர்களை 'பொருந்துகிறதே' என்று ஒன்றோடொன்று சொருகினாலும் இதே கதிதான். இதையெல்லாம் கை பழக வேண்டுமானால் செய்து, கெடுத்து, வாத்தியார் வெட்டிப் போட, மறுபடி செய்ய வேண்டும். சில நாள் வகுப்பில் அதற்கு நேரமேது?

இனி காகிதம். 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளின்படி மலேசியாவில் வயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவின், தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் வேண்டும். சிங்கிள் பேஸுக்கு ஒன்று, த்ரீ பேஸுக்கு ஒன்று. நம் ஆட்கள் பி.டபிள்யூ.2, பி.டபிள்யூ.4 என்று பேசிக்கொள்வது அதைத்தான். சோலார் துறையைப் பார்த்துக்கொள்ளும் செடா அமைப்பு, ஏற்கெனவே வயர்மேன், சார்ஜ்மேன் ஆனவர்களுக்கென்றே சோலார் பொருத்தும் பயிற்சி நடத்துகிறது. வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "உங்கள் சான்றிதழை வைத்து என் மகன் வயர்மேன் ஆக முடியுமா?" வரும் பதிலை வைத்து நீங்களே முடிவு செய்யலாம். வயர்மேன் ஆனவனுக்கு அந்த மாதிரிக் குறுகிய வகுப்பு பயன்படலாம், அது வேறு விஷயம்.

கல்லூரியிலும் கேட்க வேண்டியது உண்டு. சமூகக் கல்லூரிகள் உயர்கல்வி அமைச்சின் கீழ் வருபவை, பாயான் பாருவிலும் கெப்பாலா பத்தாஸிலும்கூட இருக்கின்றன. எல்லாவற்றிலும் எலெக்ட்ரிக்கல் கிடையாது, விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பெறும் சான்றிதழுக்குப் பிறகு வயர்மேன் தகுதிக்கு என்ன வழி, தொழிற்பயிற்சிக்கு எந்த மாதிரிக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். கூடவே நிபோங் திபாலில் இருக்கும் ஐ.எல்.பி. ஆறுமுகம் பிள்ளையையும் விசாரியுங்கள். மனிதவள இலாகாவின் தொழிற்பயிற்சிக் கழகம் அது. நம்மவர் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த வாசலைக் கடந்து, ஆபரேட்டர் வேலைக்கு பஸ் ஏறிப் போகும் நம் பையன்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விடுங்கள்.

கணக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு பேனல் 50 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 14 பேனலைத் தொடராக இணைத்தால் 700. டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் தாங்குவது 600 என்றால் இணைக்கக் கூடாது. பேனலின் பின்னால் எழுதியிருக்கும் வாட், 25 டிகிரியில் அளந்தது. நம் ஊர் மத்தியானத்தில் பேனல் 60 டிகிரியைத் தொடும். ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.35 சதவீதம் இறக்கம் என்று வைத்துப் பெருக்கினால், எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. கூட்டல், பெருக்கல், சதவீதம். எஸ்.பி.எம். தாளில் பயமுறுத்திய கணக்கு, கையில் மீட்டர் இருக்கும்போது வேறு முகம் காட்டும்.

எதிர்காலம் கேட்டீர்கள். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக வேண்டும் என்று 2023-இல் அரசு திட்டம் வெளியிட்டது. நான் அதைப் பெரிதாக நம்பியும் பேசவில்லை, நம்பாமலும் பேசவில்லை. 2011-இல் கூரை மின்சாரத்தை நல்ல விலைக்கு வாங்கும் திட்டம் வந்தது, 2016-இல் பில்லில் கழித்துக்கொள்ளும் முறை வந்தது, பிறகு அதன் விதிகளும் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில கம்பெனிகள் வளரும், சில போர்டைக் கழற்றும். சோலார் மட்டுமே தெரிந்தவன் அப்போது வீட்டில் உட்கார வேண்டும். வயர்மேன் மறுநாளே ஒரு தொழிற்சாலைக்கோ, கட்டுமான இடத்துக்கோ, மின்சார கார் சார்ஜர் பொருத்தவோ போய்விடுவான்.

டூல் பாக்ஸ் இப்போது வேண்டாம், என்னென்ன தேவை என்று கல்லூரியே சொல்லும். ஆசைக்கு ஒன்று வாங்குவதென்றால் மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். டிசி 1000 வோல்ட் வரை அளப்பதாகவும், மேலே 'கேட் 3, 1000 வோல்ட்' என்ற பாதுகாப்புத் தரக்குறி அச்சிட்டதாகவும் இருக்கட்டும். பாசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், விற்கிற மஞ்சள் நிற மலிவு மீட்டர் வேண்டாம். அதன் வயர் உறையே கூரை வோல்ட்டுக்குத் தாங்காது.