3,800 பாட்டு இருந்தும் கேட்க ஒன்றுமில்லை

கேள்வி: எனக்கு 36 வயது. சின்ன வயதிலிருந்தே பாட்டுப் பைத்தியம். கேசட் காலத்தில் ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் கேட்டவள். இப்போது மாதச் சந்தா கட்டி ஆப்பில் கேட்கிறேன். லைக் போட்ட பாட்டு மட்டும் 3,800-ஐத் தாண்டிவிட்டது. மழை, இரவு, பயணம், சோகம் என்று 64 பிளேலிஸ்ட் வைத்திருக்கிறேன். ஆனால் கேட்க உட்கார்ந்தால் ஸ்கிப், ஸ்கிப், ஸ்கிப்தான். கடைசியில் வழக்கமாகக் கேட்கும் அதே இருபது பாட்டில் வந்து நிற்கிறேன். ஷஃபிள் போட்டாலும் ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறார். அலுவலகத்தில் எட்டு மணி நேரமும் காதில் ஹெட்போன். சாயங்காலம் யோசித்தால் என்ன கேட்டேன் என்று ஒன்றும் நினைவில்லை. போதாததற்கு, மகனைத் தூங்க வைக்க மழைச் சத்தம் போடுவதால் ஆப் எனக்குப் பரிந்துரைப்பதெல்லாம் தாலாட்டாக இருக்கிறது. வருடக் கடைசியில் வந்த கணக்கில் நான் அதிகம் கேட்டது மழைச் சத்தம்! என் ரசனையே போய்விட்டதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?

பதில்: அழிக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரியே உட்கார்ந்து அழித்துவிடப் போகிறீர்களோ என்று கவலையாக இருக்கிறது. ரசனையும் போகவில்லை. ரசனை போனவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார், ஓடுவது ஓடட்டும் என்று விட்டிருப்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டுக்கு நாலு நிமிடம் என்று வைத்தால் 3,800 பாட்டுக்கு 250 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. தினமும் ஒரு மணி நேரம் விடாமல் கேட்டாலும் ஒரு சுற்று முடிய எட்டு மாதம் ஆகும். அதற்குள் இன்னும் சில நூறு லைக் சேர்ந்திருக்கும். நீங்கள் சேர்த்து வைத்திருப்பது ஒரு கிடங்கு. கிடங்கு பெரிதாக இருப்பதில் தப்பே கிடையாது. ஆனால் அதன் நடுவில் நின்றுகொண்டு, எதை எடுக்கலாம் என்று தேடியபடியே பாட்டுக் கேட்கப் பார்க்கிறீர்கள். அங்கேதான் சிக்கல்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, கேட்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. பாட்டு ஓடும்போதே 'இதுவா, இன்னொன்றா?' என்ற கேள்வி தலைக்குள் வந்துவிட்டால், அந்த நொடியே கேட்பது நின்றுவிடுகிறது. காதில் ஒலி விழும், அவ்வளவுதான்.

ஸ்கிப் செய்யும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு பாட்டு தொடங்குகிறது. முதலில் தனியாக ஒரு கிடார். அது ஒரு சுற்று முடித்ததும் தாளம் சேர்கிறது. வயலின்கள் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, அப்புறம்தான் பாடகரின் குரல் பல்லவியில் இறங்குகிறது. அந்த இடத்தில் உங்களுக்குச் சிலிர்க்கிறது என்றால் அதற்குப் பாதிக் காரணம் முன்னால் காத்திருந்த முப்பது நாற்பது விநாடி. பத்தாவது விநாடியிலேயே விரல் அடுத்த பாட்டுக்குத் தாவினால் காத்திருந்தது மட்டும் மிச்சம், குரல் வந்து சேரவே இல்லை. இருபது பாட்டை இப்படித் தள்ளினால் இருபது தடவை காத்திருந்து ஏமாந்ததாக ஆகிறது. அலுக்காமல் என்ன செய்யும்?

இது உங்களுக்கு மட்டும் வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாளர், 1986 முதல் 2015 வரை அங்கே முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டுகளை எடுத்து அளந்து பார்த்தார். எண்பதுகளின் நடுவில் சராசரியாக 20 விநாடிக்கு மேல் இருந்த முகப்பு இசை (குரல் வருவதற்கு முன் ஓடும் வாத்தியப் பகுதி), கடைசியில் 5 விநாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. கேட்பவரின் கவனத்தைப் பிடிக்க நடக்கும் போட்டியே இதற்குக் காரணம் என்பது அவருடைய வாதம். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப்பில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். அந்த முதல் அரை நிமிடத்தில் உங்களைப் பிடித்து வைக்க எத்தனையோ பேர் பாடுபடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மெதுவாக மலரும் பாட்டுகள்தான் இதில் முதலில் அடிபடுகின்றன.

கேசட் காலத்தில் வரிசை மாறாமல் கேட்டேன் என்கிறீர்கள். அப்போது உங்களுக்கு அதிகப் பொறுமை இருந்தது என்று நான் நினைக்கவில்லை. 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். அதற்கு முன்னால், 1948-இல் வந்த எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. எந்தப் பாட்டு, எந்த வரிசை, எங்கே முடிய வேண்டும் என்பதையெல்லாம் வேறு யாரோ உட்கார்ந்து யோசித்து முடித்திருந்தார்கள். பாட்டைத் தாண்ட வேண்டுமானால் பட்டனை அழுத்திக்கொண்டு, எங்கே நிற்கும் என்று ஊகிக்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பதில் கேட்டுவிடுவதே சுலபம். இப்போது யோசிக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, அதுவும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது.

எனவே அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். புதிதாக ஒரு பிளேலிஸ்ட் தொடங்குங்கள். அதற்கு மழை, இரவு என்று பெயர் வைக்காதீர்கள், மாதத்தின் பெயரே போதும். மொத்தம் 45 நிமிடம். பத்துப் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் போகக் கூடாது. லைக் பட்டியலைச் சேர்த்த தேதிப்படி அடுக்கி, அடி மட்டத்துக்குப் போங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் லைக் போட்டு அப்புறம் தொடவே தொடாத பாட்டுகள் அங்கே கிடக்கும். 'இதற்கு ஏன் லைக் போட்டேன்?' என்று எது யோசிக்க வைக்கிறதோ அதை எடுங்கள். அப்படி நாலைந்து, வழக்கமான இருபதிலிருந்து மூன்று, இதுவரை கேட்டே இராத இரண்டு.

வரிசையில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள், எனக்கு இந்த வேலை பாட்டுக் கேட்பதைப் போலவே பிடிக்கும். முதல் பாட்டு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். காது நிலைக்கு வர அது உதவும். புதிய பாட்டை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வைக்கலாம். முதலிலேயே வைத்தால் பரீட்சை வைப்பது போல் கேட்பீர்கள். ஒரு பாட்டின் கடைசிப் பத்து விநாடியையும் அடுத்த பாட்டின் முதல் பத்து விநாடியையும் ஒட்டிப் போட்டுப் பாருங்கள். ஒன்று மெல்லத் தேய்ந்து முடிய, அடுத்தது பளீரென்று டிரம்மில் தொடங்கினால் காது துள்ளும். சில சமயம் அந்தத் துள்ளல் வேண்டும், சில சமயம் வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள். வேகமான இரண்டுக்கு நடுவில் வாத்திய இசை மட்டும் உள்ள ஒன்று உட்கார்ந்தால் அடுத்து வரும் குரல் தனியாகத் தெரியும்.

அப்புறம் கேட்கும் நேரம். ஷஃபிளை அணையுங்கள். செட்டிங்ஸில் ஆட்டோபிளேயையும் அணையுங்கள். அது இருக்கும்வரை உங்கள் பட்டியல் முடிந்த பிறகும் ஆப் தானாக எதையாவது கோத்துக்கொண்டே போகும், பட்டியலுக்கு முடிவே இருக்காது. போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு பாட்டு பிடிக்கவில்லையா, சரி, முழுதும் ஓடட்டும். அடுத்த வாரம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் எடுத்துவிடலாம். நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்கலாம். கை வேலை செய்வதால் கெடுதல் இல்லை.

ஷஃபிளில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவதைக் கேட்டிருந்தீர்கள். உண்மையாகவே குலுக்கிப் போட்டால் அப்படித்தான் வரும். நாணயத்தைச் சுண்டினால் நாலு தடவை தொடர்ந்து தலை விழுவதில்லையா? குலுக்கல் சரியில்லை என்று பலர் குறைப்பட்டதால், ஒரே பாடகரின் பாட்டுகள் தள்ளித் தள்ளி வருமாறு ஷஃபிள் முறையை மாற்றியதாக ஸ்பாட்டிஃபை 2014-இல் விளக்கியது. ஆனால் ஒருவரின் பாட்டே உங்கள் பட்டியலில் நூற்றுக்கணக்கில் இருந்தால் எந்த முறையிலும் அவர் திரும்பத் திரும்ப வரத்தான் செய்வார்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். பரிந்துரைகள் பெரும்பாலும் 'இதைக் கேட்டவர்கள் வேறு என்ன கேட்டார்கள்' என்ற ஒப்பீட்டிலிருந்து வருகின்றன. இரவு முழுக்க மழைச் சத்தம் ஓட விடுபவர்களில் நிறையப் பேர் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள். அவர்கள் கேட்கும் தாலாட்டு உங்களிடம் வந்து சேர்கிறது. இதற்கு எளிய வழி உண்டு. ஒரு மணி நேர மழைச் சத்தத்தைத் தனிக் கோப்பாக ஏதாவது பழைய போனில் இறக்கி வைத்து, அதையே சுற்றவிடுங்கள். அது முடியாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் அந்த பிளேலிஸ்டின் மெனுவிலேயே, ரசனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் வசதி இருக்கிறது. ஆப்பிள் மியூசிக்கில் கேட்ட வரலாற்றைப் பயன்படுத்தும் அமைப்பையும், யூடியூப் மியூசிக்கில் வரலாறு பதிவாவதையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். வருடக் கணக்கில் மழைச் சத்தம் முதலிடம் வந்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வருடம் நீங்கள் ஒரு குழந்தையைத் தூங்க வைத்தீர்கள் என்று அர்த்தம்.

அந்த இருபது பாட்டைப் பற்றியும் குற்ற உணர்ச்சி வேண்டாம். பழகப் பழகப் பிடித்துப்போவது மனித இயல்பு. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே சோதனைகளில் இதைக் காட்டினார். பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகள் மற்றவற்றைவிட ஆழமாகத் தங்குவதும் பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். ஆனால் அளவு மீறினால் விருப்பம் ஏறியது போலவே இறங்கவும் செய்யும். ரொம்பப் பிடித்த பாட்டை இரண்டு மாதம் ஒதுக்கி வையுங்கள், திரும்பி வரும்போது அதன் அருமை தெரியும். (எந்தக் காரணத்துக்காகவும் பிடித்த பாட்டை அலாரமாக வைக்காதீர்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அலுவலக ஹெட்போன்தான். நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அவ்வளவு நேரம் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல். அக்கம்பக்கத்துப் பேச்சை மறைக்க ஒலியைக் கூட்டும் பழக்கம் இருந்தால் இந்த வரம்பு எளிதாகத் தாண்டிப்போகும். சில போன்களில் ஹெட்போன் ஒலியை டெசிபலிலேயே பார்க்க முடியும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காதில் விழும் சொற்கள், மனதில் நிறுத்தி வைக்க வேண்டியதைக் கலைக்கும் என்பதும் 1980களிலிருந்தே சோதனைகளில் தெரிந்தது. படிக்கவும் எழுதவும் வேண்டிய வேலைக்கு வாத்திய இசை போதும், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். பகலெல்லாம் பிடித்த பாட்டுகளைப் பின்னணியில் ஓட்டித் தீர்த்துவிட்டு, சாயங்காலம் அவற்றிடமே சிலிர்ப்பை எதிர்பார்த்தால் அவை எங்கே போகும்? அலுவலகத்தில் பாட்டைக் குறையுங்கள். இது ஒன்றை மட்டும் செய்தாலே இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும் என்று நம்புகிறேன்.

64 பிளேலிஸ்டையும் தொடாதீர்கள். தேர்ந்தெடுக்கும் நாளில் அவற்றுக்குள் போய்த் தேடலாம், கேட்கும் நேரத்தில் திறக்க வேண்டாம். மாதம் முடிந்ததும் பழைய மாதப் பட்டியலில் பாட்டைச் சேர்க்கவோ எடுக்கவோ செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒன்று தொடங்குங்கள். வருடக் கடைசியில் ஆப் ஒரு கணக்குக் கொடுக்கும்போது, உங்களிடமும் பன்னிரண்டு பட்டியல் இருக்கும். அதில் எந்தெந்தப் பாட்டு இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே திரும்ப இடம்பிடித்தது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தெரிந்துகொள்ள எனக்கு நிஜமாகவே ஆசை.