கேள்வி – பதில்: கொம்பு முதலிலா, மெய் முதலிலா?

கேள்வி: தமிழில் ‘கே’ என்று தட்டினால், இரட்டைக்கொம்பு இடப்புறம் தெரிந்தாலும் கணினி ‘க’வைத்தான் முதலில் பதிகிறது. தாய்லாந்து எழுத்திலும் ஏகாரக் குறி மெய்க்கு இடப்புறமே நிற்கிறதே. அங்கும் இதே முறைதானா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. தாய்லாந்தின் தாய் எழுத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பு வரிசையும் ஆகும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் வழங்கும் பொதுத் தரமான யூனிகோடில் 3648 என்ற எண் பெற்ற ஏகாரக் குறி முதலிலும், 3585 என்ற எண் பெற்ற ககரம் அதன் பின்னும் பதிவாகின்றன. தட்டச்சுப்பொறியில் இடப்புறக் குறியை முதலில் அடித்துப் பழகிய வழக்கத்தையொட்டி டிஐஎஸ் 620 என்னும் தாய்லாந்துத் தரம் அமைந்திருந்தது; அதன்படி சேர்ந்திருந்த கோப்புகள் சிதையக்கூடாது என்பதால் யூனிகோடும் அவ்வரிசையையே ஏற்றுக்கொண்டது. லாவோஸ் நாட்டின் லாவோ எழுத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

எழுத்துருவுக்கு இது எளிது. குறியை இடம் மாற்றிக் காட்டும் வேலை அதற்கு இல்லை. சிக்கல் அகரவரிசையில் வருகிறது. ‘கே’ என்று தொடங்கும் சொல்லை அகராதி ககரத்தின் கீழ் வைக்க, கணினியோ முதலில் ஏகாரக் குறியையே காண்பதால், வரிசைப்படுத்தும் நிரல் ஒவ்வொரு முறையும் இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டே ஒப்பிட வேண்டும். இத்தகைய இடப்புறக் குறிகள் தாய் எழுத்தில் ஐந்து.

பர்மிய எழுத்தும் கம்போடியாவின் கெமர் எழுத்தும் தமிழைப் போல மெய்யையே முதலில் பதிகின்றன. ஆனால் பர்மாவில் பரவலாக இருந்த சாவ்ஜி எழுத்துரு குறியை முன்னால் பதிந்ததால், ஒரே சொல் இருவிதமாகச் சேமிக்கப்பட்டுத் தேடலில் அகப்படாமல் போயிற்று. 2019 அக்டோபரில்தான் அந்நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. சீனாவின் யுன்னான் மாநிலத்துப் புதிய தாய் லூ எழுத்தோ எதிர்த்திசையில் சென்றது: தமிழ் முறையில் தொடங்கி, 2015-இல் வெளிவந்த யூனிகோடு 8.0-இல் தாய்லாந்து முறைக்கு மாற்றப்பட்டது.