60 மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவை ஃபைபர் கேபிள் வழியாகக் கணினியுடன் இணைக்க முடியுமா?

முடியும். நன்றாகவே முடியும். "யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் போட்டால் போதும், கேமராவுக்குப் போய் யாராவது ஃபைபர் இழுப்பார்களா" என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் கையில் இருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்ன கேமரா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆய்வகத்திலோ தொழிற்கூடத்திலோ நிலையாகப் பொருத்திய கேமரா, பின்பக்கம் யூஎஸ்பி 3 வாய், படம் உடனுக்குடன் கணினிக்கு வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டுடியோவில் கையில் பிடித்து எடுக்கும் கேமராவாக இருந்தாலும் சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் தூரக் கணக்கு. யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். யூஎஸ்பி 3-இல் 3 மீட்டரைத் தாண்டினாலே தகராறு தொடங்கிவிடும். 'விதிமுறையில் யூஎஸ்பி 3-க்கு நீள எல்லையே எழுதவில்லையே' என்று யாராவது வருவார்கள். உண்மைதான். சிக்னல் எவ்வளவு தேயலாம் என்றுதான் அதில் இருக்கிறது. சாதாரணச் செம்புக் கேபிளில் அந்த அளவு 3 மீட்டர் வாக்கிலேயே தீர்ந்துவிடுகிறது. நடுவில் ரிப்பீட்டர் (தேய்ந்த சிக்னலைத் தூக்கிவிடும் சின்னப் பெட்டி) வைத்து நீட்டலாம் என்றால், அந்த வேலைக்கு வைக்கும் ஹப்பை ஐந்துக்கு மேல் அடுக்க முடியாது. யூஎஸ்பி 2-இல் அப்படி முழுக்க அடுக்கினாலும் மொத்தம் 30 மீட்டர்தான் கிடைக்கும். உங்கள் 60 அதற்குள் அடங்காது.

இனி என் அனுபவம். பெரிய மோட்டார்களை ஓடவிட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக்கூடம். சுழலும் பாகத்தைப் படம் பிடிக்க 5 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளை கேமரா ஒன்று, நொடிக்கு 75 படம். பிக்சலுக்கு 8 பிட் என்று வைத்தால் நொடிக்கு 375 மெகாபைட் வருகிறது. கணினி இருந்த கட்டுப்பாட்டு அறைக்கும் கேமராவுக்கும் 40 மீட்டர் இருக்கும். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் ரிப்பீட்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் கேபிள்களை ஒன்றோடு ஒன்று கோத்து விட்டிருந்தார்கள். மோட்டார் நின்றிருக்கும்போது படம் அழகாக வரும். மோட்டாரின் டிரைவை (அதை ஓட்டும் மின்கருவியை) போட்ட கணமே கேமரா கணினியிலிருந்து காணாமல் போகும். எதைப் பார்ப்பதற்காகக் கேமராவை வைத்தோமோ, அது நடக்கும் நேரத்தில் மட்டும் படம் இல்லை!

எல்லோரும் மென்பொருளைக் குறை சொன்னார்கள். கேமராவின் டிரைவர் மென்பொருளை மாற்றினார்கள், கணினியையே மாற்றினார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: கேபிளில் மோட்டாரின் மின்னிரைச்சல் ஏறுகிறது, இரண்டு முனைகளிலும் எர்த் ஒரே நிலையில் இல்லை, செம்பு இருக்கிறவரை இது தீராது. கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. பக்கத்தில் எவ்வளவு பெரிய மோட்டார் ஓடினாலும் அந்த ஒளியை அது தொடாது. இரு முனைகளுக்கும் இடையில் மின்தொடர்பே இல்லாததால் எர்த் பிரச்சினையும் அத்தோடு போய்விடும்.

அதற்கு வந்த பதில்: "ஃபைபர் எல்லாம் இன்டர்நெட்டுக்கு. கேமராவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" இது இன்னும் எனக்கு ஆறவில்லை. 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி சார்ல்ஸ் காவோவுக்குப் போனது. கண்ணாடி இழையில் ஒளியை நெடுந்தூரம் அனுப்ப முடியும் என்று 1966-இல் காட்டியவர் அவர். மறுபாதியைப் பெற்றவர்கள் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் சிசிடி சென்சாரை உருவாக்கியவர்கள் இவர்கள். டிஜிட்டல் கேமராவுக்குக் கண் கொடுத்த கண்டுபிடிப்பும் ஃபைபரும் ஒரே ஆண்டில் ஒரே பரிசைப் பகிர்ந்துகொண்டன. இதைவிட என்ன சம்பந்தம் வேண்டும்? தொலைக்காட்சி நேரலைகளில் பெரிய கேமராக்களுக்குப் பின்னால் போகும் தடித்த கேபிளிலும் இரண்டு ஃபைபர் இழைகள் உண்டு. மின்சாரத்துக்குச் செம்புக் கம்பிகளும் அதே உறைக்குள் சேர்ந்தே போகும்.

அந்தச் செம்புக் கம்பிகள்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ஃபைபர் தரவைக் கொண்டுபோகும், கேமராவை ஓட்டும் மின்சாரத்தைக் கொண்டுபோகாது. யூஎஸ்பி 3 வாயிலிருந்து கேமராவுக்கு 5 வோல்ட்டில் 900 மில்லிஆம்பியர் வரை கிடைத்துக்கொண்டிருந்தது. ஃபைபர் போட்டதும் அது நின்றுவிடும். அதனால் கேமரா பக்கத்திலேயே தனி அடாப்டர் வைக்க இடமும் பிளக்கும் இருக்கிறதா என்று கேபிள் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். செம்பும் ஃபைபரும் கலந்த கேபிள்கள் கிடைக்கும்தான். ஆனால் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் இறங்கும். 60 மீட்டருக்கு அதை நம்ப வேண்டாம் என்பேன். எங்கள் கூடம்போல மின்னிரைச்சல் உள்ள இடமென்றால், அந்தச் செம்பே பழைய நோயைத் திரும்பக் கூட்டிவரும்.

நாங்கள் கடைசியில் போட்டது இரு முனையிலும் யூஎஸ்பி சிக்னலை ஒளியாகவும் ஒளியைச் சிக்னலாகவும் மாற்றும் ஒரு மாற்றிப் பெட்டி, நடுவில் ஓஎம்3 வகை மல்டிமோட் ஃபைபர் (குறுந்தூரத்துக்கான இழை), கேமராவுக்குத் தனி அடாப்டர். இழையை இழுத்து, இரு முனைகளிலும் ஸ்ப்ளைஸ் செய்து (இழையோடு இழையைச் சேர்த்து ஒட்டி), எல்சி என்ற சிறு வகைக் கனெக்டர் போட்டோம். பெட்டியில் விளக்கு எரிந்தது, கணினி கேமராவைக் கண்டுகொண்டது, ஆனால் முழு வேகத்தில் ஓடவிட்டால் இடையிடையே சில படங்கள் வராமல் விடுபட்டன. "பார், கண்ணாடி கண்ணாடிதான்" என்று உடனே ஒரு குரல். ஸ்ப்ளைஸ் செய்த அண்ணன் ஒன்றும் பேசாமல் முனையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். முகப்பில் தூசி. மல்டிமோடில் ஒளி போகும் மையம் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. நெடுந்தூரத்துக்கான சிங்கிள் மோட் இழையில் அதுவும் 9 மைக்ரான்தான். அதன்மேல் ஒரு துகள் உட்கார்ந்தால் ஒளி தடைபடும். கனெக்டரைத் துடைப்பதற்கென்றே இருக்கும் பேனாவால் சுத்தம் செய்து மறுபடி செருகினார். மோட்டாரை முழு வேகத்தில் ஏற்றினோம். ஒரு படம்கூட விடுபடவில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மேலதிகாரிகள் வந்து பார்த்தபோது அந்த அண்ணனை அறைக்குள் கூப்பிடவில்லை. அறிக்கையில் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த எல்லோருடைய பெயரும் இருந்தது, அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு "அவர் வெளி ஆள்" என்றார்கள். கூரைக்கடியில் கேபிள் தட்டில் படுத்துக்கொண்டு இழை இழையாகச் சேர்த்தவர் வெளி ஆள், டிரைவரை மாற்றச் சொன்னவர் உள் ஆள்! கைவேலை தெரிந்தவர்களை இப்படி வாசலிலேயே நிறுத்தும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. எனக்கு இதில் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதற்கெடுத்தாலும் ஃபைபர் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஈதர்நெட் வாய் உள்ள கேமரா என்றால் நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு சாதாரணச் செம்பு ஈதர்நெட் கேபிளே 100 மீட்டர் வரை போகும். அதே 5 மெகாபிக்சல் கேமராவுக்கு நொடிக்கு இருபது சொச்சம் படம் போதுமென்றால், மின்னிரைச்சலும் இல்லையென்றால், அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். வேகம் அதைத் தாண்டினாலோ, பக்கத்தில் மோட்டார், வெல்டிங் என்று ஏதாவது இருந்தாலோ, கேபிள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் இடிமின்னலுக்குக் கீழே போனாலோ, யோசிக்காமல் ஃபைபர். கேமராவை மாற்றும் வாய்ப்பு இருந்தால் எஸ்எஃப்பி பிளஸ் வாய் (ஃபைபருக்கான சின்ன மாட்யூலைச் செருகும் இடம்) உள்ள 10 ஜிகாபிட் கேமராக்களைப் பாருங்கள். ஃபைபர் நேராகக் கேமராவுக்கே போய்விடும், அந்தப் பக்கம் மாற்றிப் பெட்டி வேண்டாம். ஓஎம்3-இல் 10 ஜிகாபிட் 300 மீட்டர் வரை போகும். உங்கள் தூரம் அதற்கு ஒன்றுமே இல்லை.

இரு முனையும் வார்த்த ஆயத்தக் கேபிள் வாங்குவதானால், ஒளியாக மாற்றும் சில்லு கனெக்டருக்குள்ளேயே இருக்கும். அதில் எந்த முனை கணினிக்கு, எது கேமராவுக்கு என்று குறித்திருந்தால் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. யூஎஸ்பி 2 கம்பிகளே இல்லாத கேபிள்களும் உண்டு. பழைய கேமரா யூஎஸ்பி 2 மட்டும் பேசுவதாக இருந்தால் அந்தக் கேபிளில் அது கணினிக்குத் தெரியவே தெரியாது. வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஒளியாக மாற்றித் திரும்ப மாற்றுவதால் தாமதம் வரும் என்று பயமுறுத்துவார்கள். கண்ணாடிக்குள் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 5 நானோசெகண்ட் ஆகும். 60 மீட்டருக்கு 300 நானோசெகண்ட். பெட்டிகள் சேர்க்கும் தாமதத்தையும் கூட்டினாலும், கேமரா ஒரு படத்தை எடுத்து முடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

இழுக்கும்போது தேவைக்கு மேல் இரண்டு இழையாவது கூடுதலாக இருக்கும் கேபிளை இழுங்கள். பிறகு ஒன்று போனாலும் மறுபடி இழுக்க வேண்டாம். மூலைகளில் இறுக்கி மடிக்க வேண்டாம், கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் டேக் போட்டு நெரிக்கவும் வேண்டாம். மறுமுனையில் லேசர் ஓடும்போது கனெக்டருக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். அப்புறம், குழாயையும் கூரையையும் மூடுவதற்கு முன் கேமராவை முழு வேகத்தில், பக்கத்து இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஒரு முழு நாள் வைத்துப் பாருங்கள். கேமராவின் மாடலையும் நொடிக்கு எத்தனை படம் தேவை என்பதையும் எழுதினால், எந்த வகை பொருந்தும் என்று சொல்கிறேன்.