கையில் கொடுத்த பணம் கணக்கில் வராது

கேள்வி: எங்கள் விசைத்தறிக் கூடத்தில் 2024இல் ஒரு தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே அவர் மனைவியிடம் மூன்று லட்சம் ரூபாய் கொடுத்து, 'இனி எந்தப் பாத்தியதையும் கிடையாது' என்று பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கினேன். இப்போது இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கொடுக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் ஆம். மனம் நல்லது, வழிதான் தவறு. விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, மரண இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் மட்டும் கழியும். துக்க வீட்டில் கொடுக்கும் பணம் எந்த மைத்துனர் கைக்குப் போகும் என்பது ஊரறிந்ததுதானே! மனைவி, பிள்ளைகள், தாய் என்று பங்கு பிரிப்பதை அதனால்தான் சட்டம் ஆணையரிடம் விட்டிருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரமும் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம். காப்பீட்டு பாலிசி இருந்தாலும் அபராதம் உங்கள் பையிலிருந்துதான்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அவரை இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) சேர்த்திருந்தீர்களா? சேர்த்திருந்தால் இந்த வழக்கே நிற்காது. குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகையை இ.எஸ்.ஐ. கழகமே தரும். முதலில் அந்தப் பதிவேட்டைத் தேடி எடுங்கள்.

கேள்வி: ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் எங்கள் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஒப்பந்தக்காரர் போனையே எடுப்பதில்லை. பொறுப்பு யாருடையது?

பதில்: மூட்டை ஏற்றுவது உங்கள் தொழிலின் அன்றாட வேலை. ஆகவே தொழிலாளி உங்களிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலியுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர் என்றால் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: நான்கு ஆண்டு பத்து மாதம் வேலை செய்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) நிறுத்திவைக்கலாமா?

பதில்: கூடாது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்தாண்டுப் பணியாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 13,000 ரூபாய் என்றால், அதை மாத வேலைநாளான 26ஆல் வகுத்து, 15 நாள் சம்பளத்துக்காக 15ஆல் பெருக்க, ஆண்டுக்கு 7,500, ஐந்தாண்டுக்கு 37,500. (தவறாக 30ஆல் வகுக்கும் கணக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) முப்பது நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் தராததற்கு வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.